சீல் கைக்கு வந்தாயிற்று, எந்தப் பக்கம் போவது? வேலூர்ப் பொறியாளர்களுக்கு ஐந்து வழிகள்

காட்பாடியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் இளம் பொறியாளர்கள் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். "சார், சிவில் முடிச்சு ஆறேழு வருஷம் ஆச்சு. லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். எடுத்துட்டு கம்பெனியிலேயே இருக்கட்டுமா, சொந்தமா ஆபீஸ் போடட்டுமா, பேங்க் வேல்யூவர் ஆகட்டுமா?" மெக்கானிக்கல்காரர்கள் கேட்டால் "சார்ட்டர்டு இன்ஜினியர் ஆனா டேனரி வேலை கிடைக்குமா?" என்று முடியும். (டேனரி என்றால் தோல் பதனிடும் ஆலை.) ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வழக்கறிஞர்களுக்கு 1961-இல் ஒரு சட்டம் வந்தது. ஆர்கிடெக்ட்டுகளுக்கு 1972-இல் வந்தது. பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுக்கச் செல்லும் ஒரே சட்டமோ ஒரே லைசென்ஸோ இந்தியாவில் கிடையாது. அமெரிக்காவில் மாநில வாரியம் தேர்வு வைத்து 'புரொஃபஷனல் இன்ஜினியர்' என்று பட்டியலில் சேர்க்கும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் வரைபடத்தில் சீல் வைக்க முடியாது. நம்மிடம் இருப்பது துண்டு துண்டான அங்கீகாரங்கள். கட்டட அனுமதிக்கு ஒரு பதிவு, சொத்து மதிப்பீட்டுக்கு ஒரு பதிவு, தொழிற்சாலைச் சான்றிதழ்களுக்கு 'சார்ட்டர்டு இன்ஜினியர்' என்று இன்னொன்று. ஒன்றை எடுத்தால் மற்றது தானாக வந்துவிடாது. அதனால்தான் எந்த லைசென்ஸ் என்பதும் எந்தத் தொழில் என்பதும் சேர்ந்தே முடிவாக வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

வருமானம் எவ்வளவு என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் கையெழுத்துக்குப் பணம் தருகிறவர் யார், அதை நம்பப் போகிறவர் யார்? இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் நெருக்கடி குறைவு. வேறு வேறு ஆளாக இருந்தால், பணம் தருகிறவர் ஒரு பக்கம் இழுப்பார், நம்புகிறவர் நாளைக்கு உங்களைத்தான் கேட்பார். வீட்டுக்காரர் பணம் தருகிறார். அந்த வீட்டை அவரிடமிருந்து வாங்கப் போகிறவர் நம்புகிறார். கடன் கேட்பவர் வேல்யூவேஷன் கட்டணத்தைக் கட்டுகிறார், வங்கி நம்புகிறது. டேனரி முதலாளி பணம் தருகிறார்; சுங்கத் துறை நம்புகிறது. ஐந்து வழிகளிலும் மறைந்திருக்கிற செலவுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகின்றன.

இரண்டாவது, பொறுப்பு எவ்வளவு காலம் துரத்தும் என்பது. ரேரா (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை) சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி கட்டமைப்புக் குறைபாட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை புரொமோட்டர் (கட்டி விற்பவர்) தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். புரொமோட்டரைக் கேட்டால் அவர் திரும்பி இன்ஜினியரைத்தான் பார்ப்பார்.

மூன்றாவது பணம். மொத்தத் தொகையைவிட அது எந்த மாதம் கைக்கு வருகிறது என்பது முக்கியம். அப்புறம், உள்ளே நுழைய ஆகும் காலமும் பதிவைப் புதுப்பிக்கும் தொல்லையும். கடைசியாக ஊர்: பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரும் வட்டத்தில் அந்த வேலை இருக்கிறதா? வேலூரின் பலமே இதுதான். ஒரு பக்கம் வீடு கட்டும் நகரம், இன்னொரு பக்கம் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் தொழில், கிழக்கே சிப்காட் தொழிற்பேட்டைகள்.

| வழி | பணம் தருபவர் | நம்புபவர் | தொடங்க எவ்வளவு காலம் | வெளியில் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| வேலையிலேயே இருப்பது | நிறுவனம் | பெரும்பாலும் நிறுவனமே | உடனே | உங்கள் பெயர் மற்றவர் கையில் |
| பிளான் அப்ரூவல், வீட்டு வடிவமைப்பு | வீட்டுக்காரர் | உள்ளாட்சி, குடியிருப்பவர், பின்னாளில் வாங்குபவர் | பதிவு கிடைத்ததும் | அனுமதிக்குப் பின் நடக்கும் மாற்றங்கள் |
| சொத்து மதிப்பீடு | கடன் கேட்பவர் | வங்கி, வருமான வரித் துறை | படிப்பு, தேர்வு, பிறகு வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலுக்கு (பேனல்) காத்திருப்பு | பெயர் கெட்டால் எல்லா வங்கியிலும் கெடும் |
| தொழிற்சாலைச் சான்றிதழ் | ஆலை முதலாளி | அரசுத் துறைகள், தொழிலாளர்கள் | உறுப்பினர் ஆவது எளிது, ஆள் பழக்கம் பிடிக்க வருடங்கள் | ஒரு கையெழுத்தில் உயிர்ப் பொறுப்பு |
| வெளிநாட்டுப் பதிவு | வெளிநாட்டு நிறுவனம் | அந்த நாட்டு வாரியம் | நீண்ட காகித வேலை | பட்டத்தின் அங்கீகாரச் சிக்கல் |

## வேலையிலேயே இருந்துகொண்டு லைசென்ஸை வைத்துக்கொள்வது

சுவாரசியம் இல்லாத வழி, ஆனால் பலருக்குச் சரியான வழி. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை, சிப்காட் ஆலைகள், 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பனப்பாக்கம் டாடா மோட்டார்ஸ் கார் ஆலை, அவற்றுக்கெல்லாம் வேலை எடுக்கும் காண்ட்ராக்டர்கள் என்று இந்தப் பகுதியில் பொறியாளர்களுக்குச் சம்பள வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. டெண்டரில் 'முக்கியப் பணியாளர்' பட்டியல் கேட்கும்போது பதிவோ சார்ட்டர்டு அங்கீகாரமோ உள்ளவரின் பெயருக்குத் தனி மதிப்பு. சம்பளப் பேச்சில் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாமல் யாரும் தரமாட்டார்கள்.

சிக்கலும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நீங்கள் ராஜினாமா செய்துவிட்டுப் போன பிறகும் உங்கள் பெயரும் சான்றிதழ் நகலும் அந்த நிறுவனத்தின் டெண்டர் ஃபைலில் சுற்றிக்கொண்டிருக்கும். விலகும் நாளில், 'இன்ன தேதி முதல் என் பெயரையோ பதிவு எண்ணையோ பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே மாலையில் பிளான் போட்டுக் கொடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் குறுக்கே நிற்கும். அதோடு பேச்சு முடிந்தது. தனியார் என்றால் பணி நியமனக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 'வேறு எந்தப் பணியிலும் ஈடுபடக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும்.

ஐந்து வருட அனுபவம் முடியாதவர், வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருப்பவர், பெரிய வேலைகளில் பொறுப்பாக இருந்த அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பவர் ஆகியோருக்கு இதுதான் நல்லது.

## பிளான் அப்ரூவல் ஆபீஸ்

சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ ஒரு கடை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர், பிளாட்டர், வாசலில் ஒரு போர்டு. முக்கால்வாசிப் பேரின் கனவு இதுதான். நுழைவது எளிது என்பதால் கூட்டமும் இங்கேதான் அதிகம்.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்தத் தொழிலை மாற்றிவிட்டன. முன்பு 'லைசென்ஸ்டு சர்வேயர்' என்ற ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். புதிய விதிகளில் பதிவு பெற்ற பொறியாளர், ஸ்ட்ரக்சுரல் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று பாத்திரங்கள் பிரிந்தன. இப்படிப் பிரிப்பது ஏன் முக்கியம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டியவர்களோடு பொறியாளர்களும் கைதானார்கள்.

சிறிய வீடுகளில் இன்னொரு மாற்றம் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத் தளமோ முதல் தளம் சேர்த்தோ கட்டும் வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி. வேலூரில் கட்டுகிற வீடுகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் அடங்கிவிடும். "இனிமே நம்ம வேலை போச்சு" என்று சில நண்பர்கள் புலம்பினார்கள். அனுமதி வாங்கித் தருவதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்குப் போனது உண்மைதான். வடிவமைத்துக் கொடுப்பவருக்கு எதுவும் போகவில்லை, பொறுப்புதான் கூடியிருக்கிறது. முன்பு அதிகாரி நேரில் வந்து பார்த்து ஒரு தப்பைச் சுட்டிக்காட்ட வாய்ப்பு இருந்தது. இப்போது அந்தப் படி இல்லை. வரைபடத்தில் பிசகு இருந்தால் அது அப்படியே கட்டடமாகிவிடும்.

ஒரு சின்ன உதாரணம் போதும். நம் ஊர் மேஸ்திரிகள் தரை, முதல் தளம் வீட்டுக்கு 9 அங்குலத்துக்கு 9 அங்குலத் தூண் போடுவார்கள். 9 அங்குலச் சுவருக்குள் தூண் மறைந்துவிடும், ஹாலில் மூலை நீட்டிக்கொண்டு நிற்காது, வீட்டுக்கார அம்மாவுக்கும் திருப்தி. ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தின் 1893-ஆம் எண் நெறிமுறையின் 2016 பதிப்பில் வேலூர் நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. மண்டலம் மூன்று என்றால் 13920-ஆம் எண் நெறிமுறை பொருந்தும். அதில் தூணின் குறுகிய பக்கமே 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 9 அங்குலம் என்பது 230 மில்லிமீட்டர். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் "பக்கத்து வீட்டுக்கு அந்த இன்ஜினியர் ஒம்போதுக்கு ஒம்போதுதான் போட்டாரு, இருபது வருஷமா நிக்குதே" என்பார். அவரிடம் சண்டை போட முடியாது. சுவரோடு தூணைத் திருப்பி வைத்து, அலமாரிக்குள் மறைத்து, எங்கே நீட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்று வரைந்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இருப்பவர்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார்.

மறைந்த செலவுகள் மூன்று.

ஒன்று, அனுமதிக்குப் பிறகு நடப்பது. தரைத் தளத்துக்கு வரைந்து வாங்கிப் போவார்கள். இரண்டு வருடம் கழித்து அதே அஸ்திவாரத்தின் மேல் இன்னொரு மாடி ஏறியிருக்கும். வரைபடத்தில் இன்னும் உங்கள் பெயர். அதனால் ஒப்படைக்கும்போதே 'இந்த வடிவமைப்பு இத்தனை தளத்துக்கு மட்டும்' என்று வரைபடத்தின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, 'பிளான் ஃபீஸ்' என்ற ஒற்றைத் தொகை. அதற்குள் வரைபடம், தூண் பீம் கணக்கு, சைட்டுக்குப் போய்க் கம்பி கட்டியதைப் பார்ப்பது எல்லாம் அடங்கும் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். முதல் நாளே மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் தனித் தொகை எழுதிக் கொடுங்கள். சைட் விசிட் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவரே எழுதட்டும். எழுதும்போது பாதிப் பேர் "சரி, வாங்க" என்றுதான் சொல்வார்கள்.

மூன்று, மனையே சரியில்லாமல் இருப்பது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அதன் பிறகும் கணியம்பாடி, அணைக்கட்டுப் பக்கமெல்லாம் காகிதம் ஒழுங்கில்லாத மனைகள் கைமாறுகின்றன. மூலப்பத்திரமும் மனைப்பிரிவு ஒப்புதலும் பார்க்காமல் வரைய ஆரம்பித்தால், வரைந்த உழைப்புக்குப் பணம் வராது.

இந்த இடத்தில் ஒரு ஆறாவது வழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பட்டியலில் நான் சேர்க்காததை. யாரோ வரைந்ததில் சீல் மட்டும் வைத்துக் கொடுப்பது. உட்கார்ந்த இடத்தில் காசு, சைட்டுக்குப் போக வேண்டாம். மேஸ்திரியும் டிராஃப்ட்ஸ்மேனும் மாதம் சில தாள்களை நீட்டுவார்கள். பார்க்காத மண்ணுக்கும் எண்ணாத கம்பிக்கும் நீங்கள் பொறுப்பு. வாங்குகிற தொகை ஒரு வக்கீலின் முதல் நாள் ஃபீஸுக்குக்கூட வராது.

வரி விஷயத்தில் சின்ன ஆபீஸுக்கு ஒரு வசதி உண்டு. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வருமான வரியில், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத் தொல்லையிலிருந்து தப்பிக்கும் முறை பொறியாளருக்கும் பொருந்தும். 50 லட்சம் வரைக்கும், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரைக்கும்.

ஊரில் ஆள் பழக்கம் உள்ளவர், பேசத் தெரிந்தவர், ஆறு மாதம் வருமானம் இல்லாமல் தள்ளக்கூடியவர் இந்தப் பக்கம் வரலாம். டிப்ளமோ படித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது; பதிவின் கிரேடும் செய்யக்கூடிய வேலையின் அளவும் மாறும்.

## சொத்து மதிப்பீடு

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சொகுசாகத் தெரியும். போனோம், டேப் பிடித்தோம், போட்டோ எடுத்தோம், அறிக்கை கொடுத்தோம். உண்மையில் இதில் இரண்டு தனித் தொழில்கள் இருக்கின்றன.

முதலாவது, கம்பெனிகள் சட்டத்தின் 247-ஆம் பிரிவின் கீழ் பதிவு. 2017 விதிகளின்படி நொடிப்பு மற்றும் திவால் வாரியம் இதை நடத்துகிறது. நிலமும் கட்டடமும் என்ற வகைக்கு சிவில் பட்டமும் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுகலை என்றால் 3 ஆண்டு போதும். இயந்திரங்கள் வகைக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல்காரர்கள் போகலாம். ஒரு மதிப்பீட்டாளர் அமைப்பில் சேர்ந்து 50 மணி நேர வகுப்பு முடித்து, தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழியும். பொறியியல் பகுதியில் நம் ஆட்கள் தடுமாறுவதில்லை. சொத்துரிமைச் சட்டம், நிலம் கையகப்படுத்தும் சட்டம், பொருளாதாரம் என்று வருகிற கேள்விகளில்தான் விழுகிறார்கள். தேர்வு முடிந்த பிறகு தனிநபர் பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். வகுப்பு, உறுப்பினர் கட்டணம், வருடாவருடம் தொடர் கல்வி எல்லாம் அதற்கு வெளியே.

இரண்டாவது, வங்கி பேனல். பதிவு வாங்கினால் வேலை தானாக வரும் என்று நினைக்கிறார்கள். வராது. ஒவ்வொரு வங்கியும் தன் பேனலைத் தானே வைத்துக்கொள்கிறது. காலி இருக்கும்போது அறிவிக்கும், அனுபவத்தைப் பார்த்து இவ்வளவு தொகை வரையான சொத்துக்கு என்று வகை பிரிக்கும். புதியவருக்கு முதல் இரண்டு வருடம் சின்ன வீட்டுக் கடன்கள்தான்.

அந்தச் சின்ன வீட்டுக் கடனிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. குடியாத்தம் ரோட்டில் ஒரு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் கேட்பவர் ரோட்டோரம் நிற்கும் காலி மனையைக் காட்டுவார். பத்திரத்தில் இருப்பது இரண்டு மனை உள்ளே தள்ளி, பன்னிரண்டு அடிச் சந்தில். ஏமாற்ற வேண்டும் என்றே காட்டுகிறார் என்று இல்லை. சில சமயம் அவருக்கே தெரியாது, புரோக்கர் காட்டியதை நம்பியிருப்பார். நான்கெல்லையைப் பத்திரத்தோடும் புலப்படத்தோடும் (நில அளவை வரைபடம்) ஒத்துப் பார்த்து, பக்கத்து மனைக்காரரிடம் "இது யாருதுங்க?" என்று கேட்டுவிட்டு வருபவர் தப்பிப்பார். அரசின் வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் ஒன்றல்ல என்பதை வாடிக்கையாளருக்கு விளக்குவதும் தினசரி வேலைதான்.

நெருக்கடி வருவது அறிக்கையின் கடைசிப் பத்தியில். "சார், இன்னும் அஞ்சு லட்சம் கூட்டிப் போட்டா லோன் முழுசா வந்துரும்." இப்படிக் கேட்பவர் கடன் வாங்குபவர் மட்டுமல்ல, கடன் பிடித்துத் தரும் ஏஜென்ட்டும் கேட்பார். கடன் மோசடியில் பங்கு இருப்பதாக வங்கி முடிவு செய்தால், மதிப்பீட்டாளர், வக்கீல் போன்ற வெளியாட்களின் பெயரை இந்திய வங்கிகள் சங்கத்துக்கு அனுப்பும். சங்கம் அந்தப் பட்டியலை எல்லா வங்கிகளுக்கும் சுற்றுக்கு விடும். ஒரு கிளையில் போன பெயர் நாடு முழுக்கப் போகிறது. இந்தத் தொழிலில் வேறு எந்தச் செலவும் இதற்கு ஈடாகாது.

பேனலுக்கு வெளியேயும் வேலை உண்டு. பழைய சொத்தை விற்கும்போது மூலதன ஆதாய வரிக்காக 2001 ஏப்ரல் 1 அன்றைய நியாயச் சந்தை மதிப்பு கேட்பார்கள். கொசப்பேட்டையிலும் தோட்டப்பாளையத்திலும் தாத்தா காலத்து வீடுகளை, பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு விற்கும்போது இது நிறைய வருகிறது. நிலம், கட்டடம் என்றால் அந்த மதிப்பு அன்றைய முத்திரைத் தீர்வை மதிப்பைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு இருக்கிறது. விற்பவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை.

எழுத்து வேலை பிடிக்கிறவர், பத்திரம் படிக்கத் தெரிந்தவர், "முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவர் இதற்கு ஏற்றவர். ஐம்பது வயதுக்கு மேல் சைட்டில் ஏறி இறங்க முடியாதவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும். சின்ன வயதில் நேராக இதற்குள் வருபவர்கள் கட்டுமானச் செலவைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். அறிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

## தொழிற்சாலைச் சான்றிதழ்கள்

'சார்ட்டர்டு இன்ஜினியர்' என்பது 1920-இல் தொடங்கி 1935-இல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் தன் உறுப்பினர்களுக்குத் தரும் அங்கீகாரம். சேர்வது பெரிய மலை இல்லை. சேர்ந்த பிறகு யார் உங்களைத் தேடி வருவார் என்பதுதான் கேள்வி.

இந்தப் பகுதியில் பதில் இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் ஏற்றுமதியாளர்கள். வரியில்லாமல் இயந்திரம் இறக்குமதி செய்யும் இ.பி.சி.ஜி. திட்டத்தில், மிச்சமான வரியைப் போல ஆறு மடங்கு மதிப்புக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்த விண்ணப்பத்தில், இறக்கும் இயந்திரத்துக்கும் ஏற்றுமதிப் பொருளுக்கும் தொடர்பு உண்டு என்று சார்ட்டர்டு இன்ஜினியர் சான்று தர வேண்டும். இயந்திரம் நிறுவப்பட்டதற்கான சான்றையும் அவர் தரலாம். தோலைச் சீவும் ஷேவிங் மெஷினையும் பிளக்கும் ஸ்ப்ளிட்டிங் மெஷினையும் பார்த்தால் எது எதற்கென்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கல் ஆளுக்கு இங்கே நல்ல இடம் உண்டு. சிவில்காரர் இதில் கை வைக்கக் கூடாது. அங்கீகாரம் அவரவர் துறைக்குத்தான்.

சிவில் பக்கத்தில் ஆலைக் கட்டடங்களின் உறுதிச் சான்று, தொட்டிகள், கழிவுநீர் நிலையக் கட்டமைப்புகள். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு தோல் ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு தட்டிக்கழிக்க முடியாத செலவாகிவிட்டது. அதோடு பொறியாளர் வேலையும் வந்தது. வேலை வந்த கையோடு ஆபத்தும் வந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். தொட்டிச் சுவர் என்பது ஒரு பக்கம் ஈரச் சேற்றின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. தண்ணீருக்குப் போட்ட கணக்கு சேற்றுக்குப் போதாது. ஒரு தொட்டிக்கு உறுதிச் சான்று கேட்டு யாராவது வந்தால், உள்ளே என்ன, எவ்வளவு உயரம், எதற்காக முதலில் வடிவமைத்தார்கள் என்ற மூன்றுக்கும் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லை என்றால் சோதனைக்குத் தனிக் கட்டணம் சொல்லுங்கள். மூன்றாவது ஆலையில் "அவர் கேட்கவே மாட்டாரே" என்று வேறொருவர் பெயரைச் சொல்வார்கள். போகட்டும்.

பணம் நன்றாக வரும், ஆனால் விட்டு விட்டு வரும். தோல் ஏற்றுமதி மந்தமான வருடத்தில் உங்கள் பில்லும் மூன்று மாதம் தூங்கும். பத்துப் பதினைந்து வருடம் ஆலைக்குள் வேலை பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு இதைவிட மோசமான வழியும் இல்லை.

## வெளிநாடு

சுருக்கமாகவே சொல்கிறேன். வளைகுடா போகிறவருக்குப் பல நாடுகளில், அந்த நாட்டுப் பொறியாளர் அமைப்பில் பதிவு இல்லாமல் 'இன்ஜினியர்' என்ற பதவி கிடைக்காது. சவூதியிலும் குவைத்திலும் இதில் கண்டிப்பு அதிகம். குவைத், பட்டத்துக்கு இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருந்ததா என்று கேட்கும். ஒரு நாட்டின் பொறியியல் படிப்பை மற்ற நாடுகள் இணையாக ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினர் ஆனது. ஆனால் அந்தச் சலுகை தன்னாட்சி பெற்ற கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகத்தோடு சாதாரணமாக இணைந்த ஒரு கல்லூரியில் படித்தவருக்கு அது கிடைக்காது. கல்லூரி இன்று அங்கீகாரத்தோடு இருந்தால் போதாது, நீங்கள் படித்த ஆண்டில் இருந்ததா என்று பாருங்கள். 7 ஆண்டு அனுபவமும் அதில் 2 ஆண்டு பொறுப்பான பதவியும் உள்ளவர் சர்வதேசப் பொறியாளர் பதிவேட்டுக்கும் முயலலாம். கதவைத் தட்ட உதவும், திறந்துவிடாது.

## எதோடு எது சேரும்

பிளான் ஆபீஸும் மதிப்பீடும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஒரே சொத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் வரைந்து எஸ்டிமேட் போட்ட வீட்டுக்கு வங்கி சார்பில் நீங்களே மதிப்பீடு போட்டால், அறிக்கை சரியாகவே இருந்தாலும் சந்தேகம் விலகாது. மனைவி, தம்பி பெயரில் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம்.

வேலையையும் மதிப்பீட்டையும் சேர்ப்பதற்கு முன் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் மட்டும் போதாது, மதிப்பீட்டாளர் அமைப்பின் விதி அதற்கு இடம் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைச் சான்றிதழும் அதே ஆலையில் சம்பளமும் சேரவே சேராது. பிளான் ஆபீஸோடு ரேரா திட்டங்களுக்கான பொறியாளர் சான்று நன்றாகச் சேரும். வாங்குபவர்களிடம் வசூலித்ததில் புரொமோட்டர் தனிக் கணக்கில் வைத்திருக்கும் 70 சதவீதப் பணத்தை எடுக்கப் பொறியாளர், ஆர்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் வேலை எவ்வளவு முடிந்தது என்று சான்று தர வேண்டும். அந்தத் திட்டத்தின் வடிவமைப்பாளர் நீங்கள் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதுக்குள் இருக்கும் சிவில்காரர் ஒருவர் இப்போது என்னைக் கேட்டால், வேலையில் இருந்துகொண்டே மதிப்பீட்டு வகுப்பையும் தேர்வையும் முடித்துவிட்டு, முப்பத்தைந்து வாக்கில் பிளான் ஆபீஸைத் திறக்கச் சொல்வேன். பேனல் வேலை அப்போது இரண்டாவது கால். மெக்கானிக்கல்காரர் ஆலையை விட்டு அவசரப்பட்டு வெளியே வர வேண்டாம். பெண் பொறியாளர்கள் மதிப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது நம் பக்கம் கூடிவருகிறது. நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள முடிகிறது என்கிறார்கள். ஆனால் தெரியாத மனைகளுக்குத் தனியாகப் போவது இருக்கிறது. வங்கியிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாட்டை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் விண்ணப்பத்தோடு கேட்பது அனுபவச் சான்றிதழ். எந்த வேலை, எத்தனை சதுர அடி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உங்கள் பொறுப்பு என்ன என்று லெட்டர்ஹெட்டில் விவரமாக இருக்க வேண்டும். 'திறமையாகப் பணியாற்றினார்' என்ற இரண்டு வரிச் சான்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கத்துச் சின்ன காண்ட்ராக்டர் கம்பெனிகள் பெயர் மாறும், பார்ட்னர் பிரிவார், மூடிவிடுவார்கள். அதனால் விலகும் நாள் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வேலை முடியும்போதும் ஒரு தாள் வாங்கி வையுங்கள்.